பச்சை டிக் பணமல்ல. திரையில் தெரிவது கணக்கல்ல!

மாலை ஐந்தரை மணி. ஒரகடம் கூட்டுரோட்டில் ஷிப்டு மாறும் நேரம். கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கின்றன. சற்றுத் தள்ளி ஒரு மொத்த மளிகைக் கடை. வாசலில் மினி லாரியில் லோடு ஏற்றித் தார்ப்பாயும் கட்டியாகிவிட்டது. எண்ணெய் டின், துவரம் பருப்பு, மிளகாய்த் தூள், தேயிலை என ஒன்றரை லட்ச ரூபாய்ச் சரக்கு. சுங்குவார்சத்திரம் பக்கத்துத் தொழிலாளர் விடுதிக் கேன்டீனுக்கு இரவுக்குள் போய்ச் சேர வேண்டும். கடைப் பையன் கம்ப்யூட்டரில் இ-வே பில் போடுகிறான். விவரமெல்லாம் நிரப்பிப் பொத்தானை அழுத்தினான். திரையில் சக்கரம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. டிரைவர் ஹாரன் அடிக்கிறார். முதலாளி பொறுமை இழந்து, “எல்லாம் அடிச்சாச்சு இல்ல? நம்பர் பின்னாடியே வரும், வண்டியை எடுக்கச் சொல்லு” என்கிறார்.

வண்டி கிளம்பிவிட்டது. பில் பிறந்ததா, பிறக்கவில்லையா? அந்த நிமிடத்தில் முதலாளிக்கும் தெரியாது, பையனுக்கும் தெரியாது, டிரைவருக்கும் தெரியாது. வழியில் வணிகவரித் துறையின் பறக்கும் படை வண்டியை நிறுத்தினால்தான் தெரியும்.

இப்படி ஒரு மாலையை நம்மில் பலர் சந்தித்திருப்போம். தவறு பையனுடையதும் அல்ல, கம்ப்யூட்டருடையதும் அல்ல. நம் மேஜை மேல் இருக்கும் திரைக்கும், எங்கோ இருக்கும் சர்வருக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பது நமக்கு யாரும் சொல்லித் தராத பாடம். கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு மட்டுமே உரியது என்று நாம் ஒதுக்கி வைத்த இந்த விஷயத்தை, நம் கடை பாஷையிலேயே பார்த்துவிடுவோம்.

நமக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கலாம்

வாடிக்கையாளர் கியூ.ஆர். அட்டையை ஸ்கேன் செய்து, தம் செல்போனை நம் முகத்துக்கு நேரே நீட்டி, “பணம் போயிடுச்சு அண்ணே, பாருங்க பச்சை டிக்” என்கிறார். அனுபவமுள்ள கடைக்காரர் அந்த டிக்கைப் பார்ப்பதில்லை. கல்லா மேல் இருக்கும் ஒலிபெருக்கிப் பெட்டி “இருநூறு ரூபாய் பெறப்பட்டது” என்று சொல்கிறதா என்றுதான் காது கொடுப்பார். பெட்டி பேசாவிட்டால் தம் வங்கிக் கணக்கைத் திறந்து பார்ப்பார். போலி ஆப் ஒன்றைக் காட்டி ஏமாற்றுகிறவர்கள் இருப்பதால் இந்தப் பழக்கம் நமக்குத் தானாகவே வந்துவிட்டது.

இதில் அடங்கியிருக்கும் பாடம்தான் இந்தக் கட்டுரை முழுவதும். வாடிக்கையாளர் கையில் இருப்பது வெறும் திரை. பணம் வந்ததா என்பதை முடிவு செய்வது வங்கியின் சர்வர். அந்தச் சர்வர் நமக்கு நேரடியாகச் சொல்லும் வார்த்தைதான் சாட்சி. பணத்தில் இவ்வளவு உஷாராக இருக்கும் நாம், பில் போடும்போதும் ஆர்டர் எடுக்கும்போதும் திரையைப் பார்த்தே ஏமாந்துவிடுகிறோம்.

நம் வட்டாரத்துக்கு ஏன் இந்தப் பாடம்?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரம் முப்பது ஆண்டுகளுக்குள் எப்படி மாறியது என்பதை நாம் கண்ணால் கண்டவர்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ கார்கள் வெளிவந்தன. 2006-ல் நோக்கியா செல்போன் ஆலை வந்தது. 2014-ல் அது மூடப்பட்டபோது அதை நம்பியிருந்த மெஸ்களும் பெட்டிக் கடைகளும் பட்ட பாட்டையும் பார்த்தோம். ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸ்ஸான் கார் ஆலையும், 2012-ல் டெய்ம்லர் லாரி ஆலையும் திறக்கப்பட்டன. ஏரியும் வயலுமாக இருந்த கிராமங்களில் வாடகைக் குடியிருப்பும் தொழிலாளர் விடுதியும் எழும்பின.

இந்த மாற்றத்தால் நம் வாடிக்கையும் மாறியது. அரைக் கிலோ பருப்பு வாங்கும் குடும்பங்களோடு, மூட்டைக் கணக்கில் வாங்கும் கேன்டீன் கான்டிராக்டர்களும் மெஸ் நடத்துகிறவர்களும் சேர்ந்தார்கள். தொழிற்சாலைகள் உதிரி பாகங்களுக்கான ஆர்டரைக் கம்ப்யூட்டர் போர்ட்டலில்தான் போடுகின்றன. அந்தப் பழக்கம் கேன்டீன் கான்டிராக்டருக்கு வந்து, அவரிடமிருந்து இப்போது நம்மிடம் வருகிறது. “ஆர்டரை உங்க சைட்டுல போட்டுடலாமா? இ-இன்வாய்ஸ் வருமா?” என்று கேட்கிறார்கள். இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போகிறார்கள். ஆகவே இது நம் வியாபாரத்துக்கே உரிய பாடமாகிவிட்டது.

கல்லாவும் குடோனும்

நம் கடையையே எடுத்துக்கொள்வோம். முன்னால் கல்லா. பின்னால், இரண்டு தெரு தள்ளி, குடோன். குடோனில் சரக்கும் இருக்கிறது, பேரேடும் இருக்கிறது, பேரேட்டைக் காக்கும் கணக்குப்பிள்ளையும் இருக்கிறார். கல்லாவில் நிற்கும் பையனிடம் இருப்பது ஒரு விலைப் பட்டியலும் துண்டுச் சீட்டுக் கட்டும் மட்டுமே.

கம்ப்யூட்டரில் நாம் திறக்கும் பிரவுசர்தான் கல்லா. சர்வர்தான் குடோன். சர்வரில் உள்ள டேட்டாபேஸ்தான் பேரேடு. கல்லாவில் இருப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், பேரேட்டில் எழுதும் உரிமை அவருக்குக் கிடையாது. சீட்டு எழுதி அனுப்பலாம், பதில் வரும் வரை காத்திருக்கலாம், அவ்வளவுதான்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். மூலமாக. அந்தக் காலத்து இணையப் பக்கங்களில் கல்லாப் பையனுக்குச் சொந்த புத்தியே கிடையாது எனலாம். எதை அழுத்தினாலும் குடோனுக்கு ஓடிப்போய், முழுப் பக்கத்தையும் புதிதாக எழுதி வாங்கிவர வேண்டும். ஒரு எண்ணைத் தவறாக அடித்திருந்தாலும் அது தெரியவர ஒரு நடை. திருத்தி அனுப்ப இன்னொரு நடை. திரை வெள்ளையாகிப் பக்கம் மறுபடியும் மெல்ல மெல்ல வரும்.

அதே 1995-ல் நெட்ஸ்கேப் நிறுவனம் ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழியைப் பிரவுசருக்குள் வைத்தது. கல்லாப் பையனுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லித் தந்தது போல. 1999-ல் மைக்ரோசாப்ட் தன் பிரவுசரில் இன்னொரு வசதி செய்தது. பக்கம் திரையில் அப்படியே நிற்க, பின்னால் ஒரு சிறு சீட்டு மட்டும் சர்வருக்குப் போய்ப் பதில் வாங்கிவரும். 2004-ல் வந்த ஜிமெயிலும், 2005-ல் வந்த கூகுள் மேப்பும் இந்த வழியில் நடந்ததைப் பார்த்து உலகமே வியந்தது. 2005-ல்தான் இந்த முறைக்கு ‘அஜாக்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள்.

நம் பகுதிக்கும் இதில் பங்குண்டு. ஜி.எஸ்.டி. என்றாலே நமக்கெல்லாம் முன்பு தாம்பரம் – செங்கல்பட்டு சாலைதான் நினைவுக்கு வரும். 2017 ஜூலை 1-க்குப் பிறகுதான் வரி நினைவுக்கு வருகிறது. அந்தச் சாலையில் கூடுவாஞ்சேரி அருகே பெரிய வளாகம் வைத்திருக்கும் சோஹோ நிறுவனம், அட்வென்ட்நெட் என்ற பெயரில் இருந்த 2005-லேயே, பிரவுசருக்குள் கடிதம் தயாரிக்கும் ‘ரைட்டர்’ என்ற வசதியை வெளியிட்டது. உலக அளவில் இத்துறையில் முதலில் இறங்கியவர்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு.

இப்படிப் பிரவுசருக்குள்ளேயே பாதி வேலையை முடிக்கும் பக்கத்தை ‘ரிச் கிளையன்ட்’ என்பார்கள். தட்டும்போதே பொருள் பெயர்களை வரிசையாகக் காட்டுவதும், அளவை மாற்றினால் மொத்தத் தொகை உடனே மாறுவதும், ஜி.எஸ்.டி. எண்ணில் ஒரு எழுத்து குறைந்தால் சிவப்பாகக் காட்டுவதும் இதன் வேலை. வேகமாக இருக்கிறது, அழகாக இருக்கிறது. ஆனால் இதனால்தான் ஒரு மயக்கமும் வந்தது. எல்லாம் இங்கேயே நடப்பதுபோல் தெரிவதால், எல்லாம் இங்கேயே முடிந்துவிட்டது என்று நம்பிவிடுகிறோம்.

துண்டுச் சீட்டில் என்ன இருக்கிறது?

பிரவுசர் அனுப்பும் சீட்டுக்கு ஒரு குறிப்பிட்ட எழுத்து முறை உண்டு. பெரும்பாலும் ‘ஜேசன்’ என்ற முறையில் இருக்கும். பெயர் கேட்டுப் பயப்பட வேண்டாம். நாம் எழுதும் சீட்டு போலத்தான். “வாங்குபவர் எண்: 114. பொருள்: துவரம் பருப்பு. அளவு: 10 மூட்டை. தேதி: இன்று” என்று, இடப்பக்கம் தலைப்பும் வலப்பக்கம் விவரமுமாக வரிசையாக இருக்கும். இ-வே பில்லை மொத்தமாகப் போடும்போது எக்செல் தாளை ஜேசன் கோப்பாக மாற்றி ஏற்றுகிறோம் அல்லவா, அது இதுதான்.

தலைப்புகள் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். கல்லாவில் ‘மூட்டை’ என்று எழுதி, குடோனில் ‘கிலோ’ என்று படித்தால் என்ன ஆகும்? பத்து மூட்டை கேட்டவருக்குப் பத்துக் கிலோ போகும். சாப்ட்வேர் போடுகிறவர்கள் திரையையும் சர்வரையும் இணைப்பதில் பாதி நேரத்தை இந்த ஒப்பந்தத்துக்குத்தான் செலவிடுகிறார்கள். எந்த முகவரிக்கு எந்தச் சீட்டு போக வேண்டும், அதில் என்னென்ன தலைப்பு, பதில் எந்த வடிவில் வரும் என்பதே அந்த ஒப்பந்தம். அதற்கு ‘ஏ.பி.ஐ.’ என்று பெயர்.

கணக்குப்பிள்ளையின் ஐந்து வேலை

சீட்டு சர்வருக்குப் போனதும் அதை வாங்கிப் பார்ப்பது ‘வெப் பிரேம்வொர்க்’ என்ற சாப்ட்வேர். ரூபி மொழிக்கு 2004-ல் ரெயில்ஸ், பைத்தான் மொழிக்கு 2005-ல் ஜாங்கோ, பி.எச்.பி. மொழிக்கு 2011-ல் லாராவெல் என்று பல வந்திருக்கின்றன. பெயர் எதுவாயினும், ஒரு நல்ல கணக்குப்பிள்ளை செய்யும் ஐந்து வேலையைத்தான் இவை செய்கின்றன.

முதலாவது, சீட்டு யாருக்கு உரியது என்று பிரிப்பது. ஆர்டர் சீட்டு ஒரு பக்கம், பாக்கி விசாரிக்கும் சீட்டு ஒரு பக்கம்.

இரண்டாவது, சீட்டு கொண்டுவந்தவர் யார் என்று பார்ப்பது. இணையத்தில் ஒரு விசித்திரம் உண்டு. சர்வருக்கு இயல்பாக ஞாபகசக்தி கிடையாது. ஒரு நிமிடத்துக்கு முன் வந்தவரே மறுபடி வந்தாலும் புது ஆள் போலத்தான் பார்க்கும். ஆகவே லாகின் செய்தவுடன் நம் பிரவுசருக்கு ஒரு டோக்கன் கொடுத்துவிடும். ஒவ்வொரு சீட்டோடும் அந்த டோக்கனும் போகும். டீ குடித்துவிட்டு வந்து அழுத்தும்போது ‘செஷன் முடிந்துவிட்டது’ என்று வருகிறதே, அது டோக்கனின் கெடு முடிந்ததன் அடையாளம். திரையில் நாம் நிரப்பியவை அப்படியே தெரியலாம். ஆனால் உள்ளே நம் பெயரில் யாரும் இல்லை.

மூன்றாவது, சீட்டில் எழுதியது சரியா என்று மறுபடி சரிபார்ப்பது.

நான்காவது, பேரேட்டில் எழுதுவது. எழுதினால் முழுதாக எழுத வேண்டும். பாதி எழுதிவிட்டு மின்சாரம் போனால் எழுதிய பாதியையும் அடித்துவிட வேண்டும். சரக்கைக் கழித்துவிட்டுப் பற்று எழுதாமல் விட்ட கணக்கு யாருக்கும் உதவாது.

ஐந்தாவது, பதில் அனுப்புவது. பதிலில் ஒரு மூன்று இலக்க எண் இருக்கும். 200 என்றால் சரி. 4-ல் தொடங்கினால் சீட்டில் கோளாறு: 400 தவறான விவரம், 401 டோக்கன் இல்லை, 404 அப்படி ஒரு முகவரியே இல்லை. 5-ல் தொடங்கினால் குடோன் பக்கம் கோளாறு. திரையில் எப்போதாவது இந்த எண் தென்பட்டால், 4 என்றால் நாம் திருத்த வேண்டும், 5 என்றால் அவர்கள் திருத்த வேண்டும் என்று நினைவில் வையுங்கள். 504 என்று வந்தால் இரட்டிப்புக் கவனம் தேவை. ‘பதில் நேரத்துக்கு வரவில்லை’ என்பதே அதன் பொருள். வேலை நடக்கவில்லை என்று அதற்குப் பொருள் அல்ல. பேரேட்டில் எழுதியாகி, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம்.

நஷ்டம் வரும் மூன்று இடங்கள்

விலையைத் திரை சொல்லக் கூடாது. ஆர்டர் பக்கத்தில் எண்ணெய் டின் 2,000 ரூபாய் என்று காட்டுகிறது. ஆர்டர் போகும்போது அந்த 2,000-ஐயும் சீட்டில் சேர்த்து அனுப்பி, சர்வர் அதை அப்படியே நம்பினால் என்ன ஆகும்? பிரவுசருக்குள் இருப்பதை, விஷயம் தெரிந்த யாரும் மாற்ற முடியும். 2,000-ஐ 200 ஆக்கி அனுப்பினால் 200-க்கே பில் விழும். நம் கடையில் வாடிக்கையாளரே பென்சிலால் விலை எழுதிக் கொடுத்தால் ஒப்புக்கொள்வோமா? பொருளும் அளவும் மட்டுமே சீட்டில் வர வேண்டும். விலையைச் சர்வர் தன் பேரேட்டில் இருந்தே எடுக்க வேண்டும். திரையில் நடக்கும் சரிபார்ப்பு வாடிக்கையாளரின் வசதிக்காக. சர்வரில் நடக்கும் சரிபார்ப்புதான் நம் பாதுகாப்புக்காக. இரண்டும் வேண்டும்; ஒன்றுதான் முடியுமென்றால் சர்வரில் உள்ளதே வேண்டும்.

இருப்பும் அப்படித்தான். குடோனில் பத்து மூட்டைதான் இருக்கிறது. இரண்டு மெஸ்காரர்கள் ஒரே நேரத்தில் பக்கத்தைத் திறந்தால் இருவருக்கும் ‘பத்து இருப்பு’ என்றே காட்டும். இருவரும் பத்து மூட்டை ஆர்டர் போடுவார்கள். கணக்குப்பிள்ளை ஒரு சீட்டை முடித்த பிறகே அடுத்த சீட்டைத் தொட்டால், இரண்டாமவருக்கு ‘இருப்பு இல்லை’ என்று உடனே தெரியும். இல்லாவிட்டால் இருவருக்கும் ஒப்புக்கொண்டு, காலையில் ஒருவரிடம் தலைகுனிய வேண்டும். திரையில் தெரியும் இருப்பு, அந்தப் பக்கம் திறந்த நேரத்து இருப்பு என்பதை மறந்துவிடலாகாது.

இரண்டு முறை அழுத்துவது. நமக்கு வரும் நஷ்டங்களில் அடிக்கடி நேர்வது இதுதான். சக்கரம் சுற்றுகிறது என்று பொத்தானை மறுபடி அழுத்துகிறோம். முதல் சீட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது, இரண்டாவதும் போகிறது. கணக்குப்பிள்ளைக்கு இவை ஒரே ஆர்டரா, இரண்டு ஆர்டரா என்று எப்படித் தெரியும்? ஒரு வழிதான் உண்டு. சீட்டு எழுதும்போதே அதற்கு ஒரு தனி எண் இட்டுவிட வேண்டும். அதே எண்ணோடு மறுபடி சீட்டு வந்தால், ‘இதை ஏற்கெனவே எழுதியாயிற்று’ என்று முந்தைய பதிலையே திருப்பித் தர வேண்டும். பழைய வியாபாரிகள் பில் புத்தகத்தில் வரிசை எண் அச்சடித்து வைத்த அதே புத்திதான் இது.

பதில் வராமலே போவது. நம் வட்டாரத்தில் நெட் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. நல்ல பக்கமாக இருந்தால், பதில் வராத ஆர்டரை ‘அனுப்பப்படவில்லை’ என்று தனியே நிறம் மாற்றிக் காட்டும். நெட் வந்ததும் அதே தனி எண்ணோடு மறுபடி அனுப்பும். மோசமான பக்கம், சீட்டு கையை விட்டுப் போன உடனேயே ‘நன்றி, ஆர்டர் ஏற்கப்பட்டது’ என்று சொல்லிவிடும். கல்லாப் பையன் குடோனைக் கேட்காமலேயே வாக்குக் கொடுப்பது போல. வாக்கு அவனுடையது, வசவு நமக்கு.

இ-வே பில்லும் இ-இன்வாய்ஸும்

இப்போது அரசின் சர்வர்களுக்கு வருவோம். 2018 பிப்ரவரி 1 அன்று இ-வே பில் நாடெங்கும் கட்டாயமாகும் என்று அறிவித்தார்கள். அன்றே போர்ட்டல் திணறியது. அன்றே ஒத்திவைக்கவும் நேர்ந்தது. பிறகு 2018 ஏப்ரல் 1 முதல் வெளிமாநிலச் சரக்குக்கும், ஜூன் 2 முதல் தமிழகத்துக்குள் செல்லும் சரக்குக்கும் நடைமுறைக்கு வந்தது. வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய் வரம்பு. தமிழகத்துக்குள் 1 லட்ச ரூபாய் வரம்பு. நாடு முழுவதும் உள்ள திரைகள் ஒரே நேரத்தில் சீட்டு அனுப்பினால் குடோன் வாசலில் எவ்வளவு கூட்டம் சேரும் என்பதை அந்த ஒரு நாள் காட்டிக் கொடுத்தது.

இ-வே பில் என்பது 12 இலக்க எண். அந்த எண் சர்வரிலிருந்து வந்தால்தான் பில் பிறந்ததாகப் பொருள். நிரப்பிய படிவம் பில் ஆகாது. உரிய இ-வே பில் இல்லாமல் போகும் வரிச் சரக்கைப் பிடித்தால், ஜி.எஸ்.டி. சட்டத்தின் 129-வது பிரிவின் கீழ் சரக்கையும் வண்டியையும் நிறுத்தி வைக்கலாம். உரிமையாளர் முன்வந்து விடுவிக்க, வரியைப் போல் இரண்டு மடங்கு அபராதம் கட்ட வேண்டும். சரக்கின் வரி 7,500 ரூபாய் என்றால் அபராதம் 15,000 ரூபாய். கேன்டீனில் அன்றிரவு சமையல் தடைபட்டால் போகும் வாடிக்கைக்கு விலையே கிடையாது.

இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபர் 1-ல் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கென்று தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் வந்துவிட்டது. ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற கேன்டீன் கான்டிராக்டருக்கு விற்கும் நம் மொத்த வியாபாரிகள் பலர் இந்த வளையத்துக்குள் இருக்கிறார்கள். பில் விவரத்தை ஜேசன் சீட்டாக அனுப்பினால், 64 எழுத்து கொண்ட ஐ.ஆர்.என். எண்ணும் கியூ.ஆர். குறியும் திரும்பி வரும். கட்டாயம் உள்ளவர் ஐ.ஆர்.என். இல்லாமல் கொடுக்கும் பில், 48-வது விதியின்படி பில்லாகவே கருதப்படாது. வாங்கியவரின் வரி வரவும் சிக்கலில் மாட்டும்.

இங்கே ஒரு நல்ல ஏற்பாட்டைக் கவனியுங்கள். அந்த 64 எழுத்தும் விற்பவரின் ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. அதே பில்லை இரண்டாம் முறை அனுப்பினாலும் அதே ஐ.ஆர்.என்.தான் வரும். ஆகவே சர்வர் ‘2150, இரட்டைப் பதிவு’ என்று சொல்லி மறுத்துவிடும். நம் ஆட்கள் இதைக் கண்டதும் ‘எர்ரர் வந்துவிட்டது’ என்று பதறி, பில் எண்ணை மாற்றிப் புதிதாகப் போட்டுவிடுகிறார்கள். அதுதான் பெரிய தவறு. முதல் பில் ஏற்கெனவே பிறந்துவிட்டது என்பதே 2150-ன் செய்தி. எண்ணை மாற்றிப் போட்டால் ஒரே சரக்குக்கு இரண்டு பில், இரண்டுக்கும் வரி. முதல் முயற்சியில் கிடைத்திருக்க வேண்டிய ஐ.ஆர்.என்.-ஐத் தேடி எடுப்பதே சரி.

சக்கரம் சுற்றும்போது என்ன செய்வது?

பொத்தானை மறுபடி அழுத்தாதீர்கள். ஒரு நிமிடம் பொறுத்து, அன்று போட்ட பில் பட்டியலைத் திறந்து பாருங்கள். பட்டியலில் இருந்தால் பில் பிறந்துவிட்டது; எண்ணைக் குறித்துக்கொண்டு அச்செடுங்கள். இல்லாவிட்டால் மட்டும், அதே பில் எண்ணோடு மறுபடி அனுப்புங்கள். தவறி இரண்டு இ-வே பில் போட்டுவிட்டால், கூடுதலானதை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். எண் கையில் வராமல் வண்டி நகரக் கூடாது. பையனுக்கும் டிரைவருக்கும் இதைக் கண்டிப்பான கட்டளையாகவே சொல்லி வையுங்கள். மாலை ஐந்தரைக்குப் போடும் பில்லை நான்கு மணிக்கே போடப் பழகினால், இந்த அவதியில் பாதி குறையும்.

சொந்த ஆர்டர் பக்கம் வைப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

சாப்ட்வேர் விற்க வருகிறவர் திரையைத்தான் காட்டுவார். படம் அழகாக இருக்கும், நிறம் அழகாக இருக்கும். அரிசி வாங்கும்போது மூட்டையின் மேல்வாயை மட்டுமா பார்க்கிறோம்? குத்தூசி போட்டு அடிமூட்டையையும் பார்க்கிறோம் அல்லவா? அதுபோல் இந்த ஆறையும் கேளுங்கள்.

1. விலையும் தள்ளுபடியும் எங்கே கணக்கிடப்படுகின்றன? சர்வரில் என்றால் சரி.

2. பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் எத்தனை ஆர்டர் விழும்? நம் எதிரிலேயே அழுத்திக் காட்டச் சொல்லுங்கள்.

3. ஆர்டர் போடும் நடுவில் நெட் ஒயரைப் பிடுங்கினால் திரை என்ன சொல்கிறது? ‘ஏற்கப்பட்டது’ என்று சொன்னால் வேண்டாம்.

4. ஒரு மெஸ்காரர் லாகின் செய்து இன்னொரு மெஸ்காரரின் பாக்கியைப் பார்க்க முடியுமா? முகவரியில் உள்ள வாடிக்கையாளர் எண்ணை மாற்றிப் பார்த்துக் காட்டச் சொல்லுங்கள். சர்வர் ஒவ்வொரு சீட்டிலும் டோக்கனைப் பார்க்கிறதா என்பது இதில் தெரிந்துவிடும்.

5. தினமும் பேரேட்டின் நகல் எடுக்கப்படுகிறதா? அந்த நகலிலிருந்து கணக்கை மீட்டுக் காட்டியிருக்கிறார்களா?

6. நாளை நாம் வேறு சாப்ட்வேருக்கு மாறினால், நம் வாடிக்கையாளர் கணக்கு முழுவதும் எக்செல்லாக நம் கைக்கு வருமா? இதை வாய்வார்த்தையாக விடாமல் எழுதி வாங்குங்கள்.

இந்த ஆறுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவர் தொழில் தெரிந்தவர். “அதெல்லாம் உங்களுக்குப் புரியாது சார்” என்று சொல்கிறவருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கட்டுரையின் இந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக் கல்லாவுக்கு மேல் ஒட்டி வைத்தாலும் பயன் தரும்.

எண் வந்தால்தான் கணக்கு

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. அவர்கள் சிட்டையில் எழுதியதைப் பேரேட்டில் ஏற்றி, இரண்டையும் ஒத்துப் பார்த்த பிறகே கடையைச் சாத்தினார்கள். நாம் பழைய சிட்டையை விட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டோம். ஆனால் ஒத்துப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டியதில்லை. இன்றும் திரைதான் சிட்டை. சர்வர்தான் பேரேடு. இரண்டும் ஒத்துப்போனதற்குச் சாட்சி, அங்கிருந்து வரும் ஒரு எண்.

அடுத்த முறை ஒரகடம் கூட்டுரோட்டில் வண்டி ஹாரன் அடிக்கும்போது, திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தால், டிரைவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். பத்து ரூபாயோ பதினைந்து ரூபாயோ ஆகும். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் பட்டியலைப் பார்த்துவிடலாம். எண் வந்திருந்தால் வண்டியை எடுக்கச் சொல்லலாம்.